மைதானத்தில் ஒரு மடை

1

சனிக்கிழமை காலை தபால்பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது, வீட்டில் யாரும் இல்லை, திங்கட்கிழமை தபால் நிலையத்துக்கு வந்து அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளவும். நான் வீட்டில்தான் இருந்தேன். மணியை அடிக்காமல் சீட்டைப் போட்டுவிட்டுப் போவது இந்த நாட்டுத் தபால்காரர்களின் பிறப்புரிமை. அனுப்பியவர் என்ற இடத்தில் 'மேரி' என்று இருந்தது. காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மூர்ப் பெரியவர்கள் நகராட்சியை இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்கிறார்கள். மற்றவர்கள், யாரோ ஒரு மேரி எனக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைத்து என் குடும்பத்தில் குழப்பம் செய்யாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அதில் ஒருமுறைகூடப் பதிவுத் தபாலில் நல்ல செய்தி வந்ததில்லை. நல்ல செய்தியைச் சாதாரணத் தபாலில் அனுப்பித் தொலைத்துவிடுவார்கள். கெட்ட செய்திக்கு மட்டும் கையெழுத்து வாங்குவார்கள்.

என் மனைவி கலா சீட்டைப் படித்தாள். அவள் சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் காகிதத்தைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் முதுகு தானாக நிமிரும்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள்.

எதை, என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் அந்த வாக்கியத்துக்கு விவரம் தேவைப்பட்டதே இல்லை.

மகள் இனியா சீட்டைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். அவளுக்குப் பதிமூன்று வயது. மூன்று வாரமாக என்னிடம் அவள் பேசியது மூன்றே சொல்: உப்பு, கதவு, சார்ஜர். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவள் இந்த ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். இங்கே புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது. அந்த மதியங்களில் புல் மைதானம் பையன்களுக்கு. பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால் தார் போட்ட முற்றம். தார்த் தரையில் பந்துக்குப் பாய்கிற கோல்கீப்பரின் முழங்கால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம்.

அணியின் பயிற்சியாளர் நதாலி இரண்டு வருடம் மேரியின் படிகளில் ஏறி இறங்கி ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தாள். அக்டோபர் விடுமுறையில் ஐந்து நாள் பெண்கள் முகாமுக்கு மைதானத்தைத் தருகிறோம். கடைசி நாள் ஒரு போட்டி நடத்துங்கள். மைதானத்தை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தால், வருடம் முழுக்கப் புதன்கிழமையில் இரண்டு மணி நேரம் உங்களுக்கு.

வாங்கியபடியே. அந்த மைதானத்தில்தான் நான் கால்வாய் வெட்டினேன்.

2

நான் கால்பந்து ஆடியவன் அல்ல. வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டது இரண்டு முறை. இரண்டு முறையும் பந்துதான் வந்து மோதியது. கோட்டுச்சேரிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. அங்கே எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறேன். படித்த படிப்பு வீண்போகவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் ஒட்டுகிறேன்.

முகாமில் தொண்டு செய்யப் பெற்றோர் தேவை என்று தாள் வந்தபோது, மகளோடு ஐந்து நாள் இருக்கலாமே என்று பெயர் கொடுத்தேன். மகளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கிறதா என்று கேட்கவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி: எந்த வேலை செய்ய விருப்பம்? நாமெல்லாம் எப்படி வளர்ந்தவர்கள்? போன வீட்டில் காப்பியா டீயா என்று கேட்டால் 'எதுன்னாலும் சரிங்க' என்போம். அவர்களாகப் பார்த்து நமக்குப் பிடித்ததைத் தர வேண்டும், தராவிட்டால் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வோம். நான் 'எதுவானாலும் சரி' என்று எழுதினேன். இங்கே அது பணிவு இல்லை, ஒப்பந்தம். நதாலி எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தாள். பந்துக்குக் காற்றடிப்பது, ஆரஞ்சுப் பழம் நறுக்குவது, சேறு பிடித்த பனியன்களைத் துவைப்பது, இருபத்திரண்டு பெண்களையும் மணிக்கொரு தரம் எண்ணுவது, கழிப்பறைக் காகிதம் தீர்ந்தால் ஓடுவது.

அதற்கும் முன்னால், சிறுவர்களோடு வேலை செய்ய நான் தகுந்தவனா என்று அரசாங்கம் சோதித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவன் என்பதால் தாய் தகப்பன் பிறந்த விவரமும் வேண்டும். அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது பிரெஞ்சில் இருந்தது. பிரெஞ்சு முத்திரை இருந்தது. ஊர் மட்டும் காரைக்கால்.

"உங்க அப்பா பிரான்சில பிறந்தவரா?"

"இல்லைங்க. அப்பா பிறந்தப்ப அங்க பிரான்ஸ் இருந்துச்சு."

"அப்ப பிரான்சுன்னு போடட்டுமா?"

"இப்ப இல்லைங்க. கெளம்பிப் போயிட்டீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். கிளம்பிப் போனதற்கு அவளைக் குறை சொல்வதாக நினைத்திருக்கலாம். கணினியில் பிரான்ஸ் என்று போட்டால் காரைக்கால் என்ற ஊர் இல்லை என்றது. இந்தியா என்று போட்டால் அந்த வருடத்துத் தாள் பிரெஞ்சில் ஏன் இருக்கிறது என்று கேட்டது. நாற்பது நிமிடம் கழித்து என்ன போட்டாள் என்று தெரியவில்லை, இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அப்பா இன்று எந்த நாட்டில் பிறந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

முகாமுக்குப் போன முதல் நாளே எனக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது. பிரெஞ்சில் 'வூ' என்றால் நீங்கள், 'த்யூ' என்றால் நீ. தெரியாத வீட்டுப் பெண்பிள்ளைகளை நீ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வயதுச் சிறுமியிடம், நீங்கள் தயவுசெய்து உங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மதியத்துக்குள் நான் 'மிஸ்யே வூ', அதாவது திருவாளர் நீங்கள், ஆகிவிட்டேன். இனியா மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாள், என்னை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது என்ற முகத்தோடு.

3

திங்கட்கிழமை வெயில். செவ்வாய் முழுக்க மழை. புதன் காலை தெற்குக் கோல் கம்பத்தைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர்.

மைதானத்தைப் பராமரிக்கிற மிஷேல் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிற நகராட்சி ஊழியர். அந்தப் புல்லைத் தன் தலைமுடியைவிட அக்கறையாகப் பார்க்கிறவர். தலையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கேட்டில் மாட்டுகிற 'மைதானம் மூடப்பட்டது' பலகையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"மதியம் சாப்பிட்டுட்டு வந்து பார்ப்பேன். இப்படியே இருந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் மூடணும். என் கையில இல்ல, சட்டம்."

வெள்ளிக்கிழமைதான் போட்டி. போட்டி இல்லை என்றால் முகாம் முடிந்ததாகக் கணக்கு இல்லை, புதன்கிழமையும் இல்லை. நதாலி விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாள். இனியா தன் கோல் கம்பத்துக்கு முன்னால், தண்ணீருக்குள், கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

அப்போது கோட்டுச்சேரியிலிருந்து தனம் அக்கா வீடியோவில் அழைத்தாள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலத்தையும் அவள்தான் பார்க்கிறாள். எங்கள் இருவரில் யாரை நம்பலாம் என்று நிலமே வெகு சீக்கிரம் முடிவு செய்துவிட்டது. மழைக்காலத்தில் பயிர் மூழ்கினால் அக்கா எனக்கு அழைப்பாள். நான் உதவ முடியும் என்று அல்ல, திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று. திரையில் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள்.

"இருவது நாள் பயிருடா, நுனி மட்டுந்தான் தெரியுது. ஆமா, ஒனக்குப் பின்னால என்னா அது? ஒங்க ஊர்லயும் நடவா?"

"இல்லக்கா. புள்ளைங்க பந்து வெளையாடுற எடம்."

"இவ்ளோ எடத்தையா சும்மா போட்டு வச்சிருக்கானுவ? அஞ்சு மா தேறும்போலருக்கே!"

பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய சரி.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தன் பயிரை மறந்துவிட்டாள்.

"போன சுத்திக் காட்டு. மெதுவா, மெதுவாடா, கிறுகிறுங்குது. நில்லு. கையில உறையோட நிக்கிதே, நம்ம இனியாவா? என்னா ஒசரம்டா! சரி, அவ கால்கிட்ட ஒரு எலயக் கிள்ளிப் போடு."

போட்டேன். இலை சற்று யோசித்துவிட்டு வேலிச் செடிகளின் பக்கம் நகர்ந்தது. செடியின் அடியில் போய் நின்றது.

"பாத்தியா? அது தேங்குற தண்ணி இல்ல, போவ எடந்தேடி நிக்கிற தண்ணி. செடிக்குக் கீழ மண்ணு மேடா இருக்கா?"

"இருக்கு. வரப்பு மாதிரி."

"அந்தப் பக்கம்?"

"வாய்க்கா ஒண்ணு போவுது."

"அதுல தண்ணி மேலயா கீழயா?"

"ஒரு மொழம் கீழ."

"அப்பறம் எனக்கு என்னாத்துக்குப் படம் காட்டிகிட்டு நிக்கிற? ரெண்டு வெட்டு வெட்டு. ஓடிரும்."

"அக்கா, இது நகராட்சி எடம். மனு குடுக்கணும்."

"குடேன். பதில் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுவொல்லாம் பேரன் எடுத்துரும். இன்னொண்ணு கேளு, வெட்டுறதுக்கு முன்னாடி நீ..."

அந்த நேரம் நதாலி என்னைக் கூப்பிட்டாள். வச்சிர்றேன்கா, என்று அழைப்பைத் துண்டித்தேன். அந்த வாக்கியத்தின் மீதியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது.

மணி பன்னிரண்டு. மிஷேல் சாப்பிடப் போய்விட்டார். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இந்த நாட்டில் புரட்சிகூட நடக்காது. கருவி அறை திறந்திருந்தது. உள்ளே மண்வெட்டி இல்லை; இங்கே மண்வெட்டியே கிடையாது. நேரான கம்பில் நேரான தகடு. காலால் மிதித்து இறக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தலைக்கு மேலே ஓங்கி வெட்டினேன். ஆரஞ்சுத் தோலோடு பெண்கள் கூடிவிட்டார்கள்.

"மிஸ்யே வூ, இதுக்கு அனுமதி இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"இருக்கு. எங்க அக்கா குடுத்துருக்காங்க."

ஏழாவது வெட்டில் மண் விட்டுக்கொடுத்தது. முதலில் ஒரு நூல் போல. பிறகு களக் களக்கென்று சத்தத்தோடு. பெண்கள் கோல் விழுந்ததுபோலக் கத்தினார்கள். சத்தம் கேட்டு நதாலி ஓடிவந்தாள். வெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வடிகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் எதையும் பார்க்கல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

இரண்டு மணிக்குப் புல்லின் நுனி தெரிந்தது. மிஷேல் வந்தார். வானத்தைப் பார்த்தார், தரையை மிதித்துப் பார்த்தார். நல்ல மண், நான் வளர்த்த மண், என்று தனக்குத்தானே பாராட்டிக்கொண்டு பலகையைத் திரும்ப எடுத்துப் போனார். வெட்டின இடத்தை நான் செடிக் கிளைகளால் மூடியிருந்தேன்.

அன்று மதியம் இனியா என் பக்கத்தில் வந்து நின்று, "தனம் அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவள் தோழிகள் கேட்கிற தூரத்தில் என்னோடு பேசியது அதுவே முதல் முறை. என் வெற்றி மொத்தம் பதினெட்டு மணி நேரம் நீடித்தது.

4

வியாழன் காலை முகாமில் ஒரே பேச்சு: முதியவர்களின் பெத்தாங் திடல் மூழ்கிவிட்டது. இரும்புக் குண்டை எறிந்து ஆடுகிற ஆட்டம் அது. நம்மூரிலும் சில சொல்தா வீடுகளில் ஆடுவார்கள். மைதானத்துக்குக் கீழே இருநூறு அடி தள்ளி, அந்த வாய்க்கால் வளைகிற இடத்தில், இங்குள்ள ஓய்வு பெற்றவர்கள் சரளை கொட்டி ஒரு திடல் வைத்திருக்கிறார்கள். அன்று அவர்களுக்குப் போட்டி. குண்டுகளைப் போட்டால் டுபுக்கென்று முழுகுகின்றனவாம்.

முதல் ஒரு மணி நேரம் நான் ஆரஞ்சு நறுக்கினேன். அவ்வளவு சீராக நான் எப்போதும் நறுக்கியதில்லை. இனியா வந்து நின்றாள்.

"அப்பா. அந்தத் தண்ணி நம்மளோடதா?"

"மழை எல்லாருக்கும் பொது," என்றேன்.

எம்.ஏ. படித்தவனுக்கு இப்படி ஒரு பதில் சொல்ல வரும். அவள் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். உப்பு, கதவு, சார்ஜர் அங்கேதான் தொடங்கியது.

அன்று மாலை அக்கா அழைத்தாள்.

"வடிஞ்சுதா?"

"வடிஞ்சிருச்சுக்கா."

"கீழ இருக்குறவன்ட்ட சொன்னியா?"

போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"அடப்பாவி. அதத்தானடா சொல்ல வந்தேன், அதுக்குள்ள வச்சிட்டியே. கீழ மடக்காரன்ட்ட சொல்லாம எவனாச்சும் வரப்ப வெட்டுவானா? மறந்துட்டியா, ஒனக்கு இது மொத தடவ இல்லயேடா."

இல்லைதான். எனக்குப் பதினாறு வயதில், ஒரு மழைநாள் காலை, மடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் குடைக்கடியில் ஒரு நாவலோடு நின்றேன். கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்த அத்தியாயத்தில் எங்கள் தண்ணீர் முழுவதும் கீழ்வயல்காரரின் நாற்றங்காலுக்குள் போய்விட்டது. அவர் வந்து சத்தம் போடவில்லை. நாற்று மூழ்கினவர் நம் வீட்டு வாசலில் வந்து பேசாமல் நிற்பார். அதற்குமேல் அவமானம் கிடையாது. அக்காதான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். அவர் வயலில் இறங்கி, அங்கிருந்து அடுத்த வடிகாலுக்கு வெட்டிவிட்டு, மாலையில் சேறும் சகதியுமாகத் திரும்பிவந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பொண்ணு பொழச்சிதா?" கதாநாயகியைத்தான் கேட்டாள்.

ஒரே தவறை இரண்டு கண்டங்களில் செய்கிற பெருமை எல்லோருக்கும் வாய்க்காது.

"இப்ப என்னக்கா செய்யிறது?"

"என்னா செய்யிறதா? அவன் ஒன்னத் தேடி வர்றதுக்கு முன்னாடி நீ போயி அவன் வாசல்ல நில்லு. வெறுங்கையோட போவாத. மம்புட்டி எடுத்துகிட்டுப் போ."

5

வெள்ளி காலை எட்டு மணிக்கு, தோளில் அந்த நேர்த் தகட்டுக் கருவியோடு, பெத்தாங் திடலின் ஓரத்துச் சங்கக் கொட்டகை வாசலில் போய் நின்றேன். நம்மூரில் இந்தக் காட்சிக்கு ஒரே பொருள்தான். இங்கே அப்படி இல்லை என்பது கதவைத் திறந்த சங்கத் தலைவர் திரு. பொன்னேயின் முகத்தில் தெரிந்தது. எழுபத்தைந்து வயது மனிதர், இருட்டு முழுதும் விலகாத காலையில், முன்பின் தெரியாத கறுத்த மனிதன் ஒருவன் ஆயுதத்தோடு நிற்பதைப் பார்க்கிறார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார், கதவை விடாமல்.

"நேத்து உங்களுக்கு வந்த தண்ணி என்னோடதுங்க," என்றேன்.

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அக்கா, பதினைந்து மா, இலை, வரப்பு, கீழ்மடை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒருமுறைதான் கேட்டார்: "இங்க நின்னு வேலை செய்யத்தான் வந்தீங்களா?" ஆமாம் என்றேன். உள்ளே போய் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அவரோடு இன்னும் மூன்று முதியவர்கள் வந்து நின்று, திடலிலிருந்து தண்ணீர் வடிய நான் மண்ணைத் தவறாக வெட்டுகிறேன் என்று நான்கு விதமாகச் சொன்னார்கள். வேறு நாடு என்ற எண்ணமே எனக்கு அப்போது போய்விட்டது; வெட்டுகிறவன் ஒருவன், சொல்கிறவர்கள் நால்வர்.

சத்தம் கேட்டு மிஷேல் வந்தார். நான் எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். அவர் நடந்து மேலே போய், நான் கிளைகளால் மூடிவைத்திருந்த வெட்டைத் திறந்து பார்த்தார். குனிந்தார். மண்டியிட்டார். புல்லுக்காக அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க வாங்க," என்றார்.

என் வெட்டின் ஓரத்தில் ஒரு பழைய மண்குழாயின் வாய் தெரிந்தது. உள்ளே வேர் அடைத்து, கல்லாகக் கெட்டித்த மண்.

"வடிகால் குழாய். இங்க எங்கேயோ ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். அடைச்சிருக்குன்னு மூணு வருஷமா மேரிக்கு எழுதறேன். எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்பறம் பார்க்கலாம்னு பதில். காட்டணும்னா தோண்டணும். தோண்டறதுக்கு அனுமதி வேணும்."

திரு. பொன்னே குழாயைப் பார்த்தார், தன் திடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் மேரிக்கு எழுதறேன்," என்றார். என்ன எழுதுவார் என்று சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் எழுதுகிறேன் என்று சொன்னால், அது வாழ்த்தா வழக்கா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மதியம் போட்டி நடந்தது. நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். ஐந்தாவதாகப் போயிருக்க வேண்டிய ஒரு பந்துக்கு இனியா இடது பக்கம் பாய்ந்தாள். காய்ந்த புல்லில், முழங்காலில் ஒரு கீறல் இல்லாமல், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கைதட்டிய கூட்டத்தில் என்னைத் தேடினாள் என்று நினைக்கிறேன். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடந்ததை நதாலியே மேரிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். "இப்ப பார்த்துட்டேன்," என்றாள் என்னிடம். அதன்பிறகு மூன்று வாரம் மேரி மௌனம். நவம்பர் முதல் தேதி வந்து போனது. நம்மூரில் விடுதலை நாள், கொடியேற்றி விடுமுறை விடுவார்கள். இங்கேயும் அன்று விடுமுறைதான், கல்லறைக்குப் பூ கொண்டுபோவதற்காக. எந்த நாடு கிளம்பிப் போனதற்காகக் காரைக்காலில் மிட்டாய் கொடுக்கிறார்களோ, அந்த நாட்டு நகராட்சியின் கடிதத்துக்காக நான் தினமும் தபால்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பெண்கள் தார் முற்றத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

6

திங்கட்கிழமை தபால் நிலையத்துக்குப் புறப்பட்டபோது இனியாவும் செருப்பை மாட்டினாள். நான் வா என்றும் சொல்லவில்லை, அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வழி முழுதும் இருவரும் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை, பெய்துகொண்டிருந்தும்.

கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கினேன். உறையை இனியாதான் பிரித்தாள். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க நான் மீறிய சட்டங்களின் பட்டியல். நகராட்சி நிலத்தில் தோண்டியது, நகராட்சிக் கருவியை எடுத்தது, வேலிச் செடியை ஒடித்தது. ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. இவ்வளவு சிறிய பள்ளத்துக்குள் இத்தனை சட்டம் இருந்தது எனக்கே தெரியாது. இது எழுத்துபூர்வமான கண்டனம் என்று பக்கம் முடிந்தது.

இனியா இரண்டாம் பக்கத்தை மெல்லிய குரலில் படித்தாள். பெத்தாங் சங்கத் தலைவரும் மைதானப் பராமரிப்பாளரும் சேர்ந்து எழுதிய கடிதத்தைப் பரிசீலித்ததில், அடைபட்டிருந்த வடிகால் கண்டறியப்பட்டுள்ளது. குழாய் வசந்த காலத்தில் மாற்றப்படும். அதுவரை வெட்டப்பட்ட இடத்தில் ஒரு பலகை பொருத்தப்பட்டு, மழை பெய்தால் மைதானப் பராமரிப்பாளர் மட்டும் அதைத் திறப்பார்; திறக்கும் முன் கீழே உள்ள பெத்தாங் சங்கத்துக்கு விளையாட்டு அணி தகவல் சொல்ல வேண்டும். மைதானம் திருப்திகரமான நிலையில் திரும்பப் பெறப்பட்டது.

அங்கே நிறுத்தினாள்.

"அப்பறம்?" என்றேன்.

"புதன்கிழமை," என்றாள். "ரெண்டுலேருந்து நாலு. இந்த வாரத்துலேருந்து."

தபால் நிலைய வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பதிமூன்று வயதுப் பெண் அப்பாவின் தோளில் இரண்டு குத்துக் குத்தியதை அவர்கள் வன்முறை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு மூன்று வாரமாகக் காலில் கட்டியிருந்த கல் அவிழ்ந்தது. கடைசியில் ஒரு பத்தி மிச்சம் இருந்தது: மேற்படி கடிதத்தில் குறிப்பிடப்பட்ட தங்கள் ஆலோசகரின் முழுப்பெயர், தகுதி, அவர் எந்த நாட்டில் பதிவு பெற்றவர் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை அழைத்தேன்.

"ஒம் பேரு மேரி கோப்புல ஏறிருச்சுக்கா. தகுதி என்னான்னு கேக்குறாங்க."

"பத்தாவதுன்னு போடு. பாஸான்னு கேட்டா மட்டும் சொல்லு. அங்க வடிஞ்சுதா இல்லயா?"

"வடிஞ்சிருச்சு. ஒன் பயிரு?"

"எறங்கிருச்சுடா. எல்லாம் நிமுந்துகிட்டு நிக்கிது. நாலு எடத்துல மட்டும் பழுப்பு. நேத்துதான் ஒரம் போட்டேன்."

செவ்வாய் ராத்திரி நல்ல மழை. புதன் மதியம் ஒரு மணிக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனியா பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், கையுறைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள், குடையைத் தேடினாள்.

"ரெண்டு மணிக்குத்தானே?" என்றேன். "அதுக்குள்ள எங்க போற?"

வாசலில் நின்று திரும்பி, அத்தையின் குரலிலேயே, தமிழில் சொன்னாள்:

"மிஷேல் பலகையத் தூக்கப் போறார்ப்பா. கீழ சொல்லிட்டு வர்றேன்."